ஒத்த மைனா

"யாரு பேரு?"

என் வலது கையைப் பார்க்கிற எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான். பேரே இல்ல. அது ஒரு மைனா. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல, உள்பக்கமா, கட்டைவிரல் நீளத்துக்கு நின்னுக்கினு இருக்கும். கலர் கிடையாது, எல்லாம் கறுப்பு மைதான். கண்ணுக்குப் பின்னால மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும், அதை வச்சி மைனான்னு தெரிஞ்சிக்கலாம். தெரியாதவங்க காக்கான்னு சொல்லுவாங்க. காக்கான்னு சொன்னவங்களோட அன்னைக்குப் பூரா நான் பேசமாட்டேன்.

பேரு இல்லன்னு சொன்னா நம்பமாட்டாங்க. "சும்மா சொல்லுக்கா, எழுத்து எங்கனா மறைஞ்சிருக்கும்"னு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. நாப்பதைத் தாண்டினவ, புருஷன் கூட இல்லாதவ, கையில ஒண்ணு குத்திக்கினான்னா அதுக்குள்ள ஒரு ஆம்பள ஒளிஞ்சிக்கினு இருக்கணுமாம். ஆசைப்பட்டேன், குத்திக்கினேன்னு சொன்னா அது அவங்களுக்கு பதிலே இல்ல. ஏன், ஆசைப்பட்டு பிரியாணி துன்றதில்லையா? ஆசைப்பட்டு புடவை எடுக்கறதில்லையா? அதுக்கெல்லாம் யாரும் பேரு கேக்கறதில்ல. தோல்ல ஒரு சொட்டு மை எறங்கிட்டா மட்டும் ஊருக்கே விளக்கம் சொல்லணும்.

நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை செய்றேன். கட்டிங் செக்‌ஷன். தோலு வந்ததும் டேபிள் மேல விரிச்சி, லைட்டைப் போட்டு, தழும்பு எங்க, முள்ளு கீறினது எங்க, உண்ணி கடிச்சது எங்கன்னு பார்த்து வெள்ளிப் பேனாவுல வட்டம் போடணும். வட்டம் போட்ட எடத்தை விட்டுட்டுத்தான் வெட்டுவாங்க. இதை வச்சி என் கையைப் பத்தி ஒரு ஜோக்கு அடிக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் தோணிச்சு. மைனா குத்தின முதல் வாரமே ஒரு புள்ள என் கையைப் புடிச்சி மைனாவைச் சுத்தி வெள்ளிப் பேனாவுல வட்டம் போட்டு, "ரிஜெக்ட்டுக்கா"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அதைத் தேய்ச்சிக் கழுவினேன். வெள்ளி மை சீக்கிரம் போய்டும். மைனா அப்படியே இருந்துச்சு, அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். எங்க ஊரு விரிஞ்சிபுரம் பக்கத்துல, பாலாத்துக்கு இந்தாண்ட. கல்யாணம் பண்ணிக் குடுத்த கொஞ்ச நாள்லயே அந்தாளு வேற ஒருத்தியோட போய்ட்டான். கோர்ட்டு, பஞ்சாயத்துன்னு நான் எங்கயும் ஏறி எறங்கல. போனவன் போனவன்தான், அவனைப் புடிச்சி இழுத்துக்கினு வந்து இன்னா பண்றது. அம்மா வீட்டுக்கே வந்துட்டேன். வாழாவெட்டின்னு ஒரு பேரு வச்சாங்க. அந்தப் பேரைக் குத்த ஊசி வேணாம், மிஷின் வேணாம், ஒருதரம் சொன்னா போதும், சாகற வரைக்கும் அழியாது.

அப்போ என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே கம்பெனி வேலைக்குப் போய்க்கினு இருந்தாங்க. பொழுது விடியறதுக்குள்ள வேன் வந்து நிக்கும். அவங்க பொண்ணு பாப்பாவை நான்தான் பார்த்துக்கினேன். தலை பின்றது, டிபன் கட்றது, ஸ்கூல்ல கையெழுத்து போடறது எல்லாம் நான். காய்ச்சல்னா என்கூட படுத்துக்கும். அவ வயசுக்கு வந்தப்ப முதல்ல வந்து சொன்னது என்கிட்டதான், அவங்கம்மாகிட்ட இல்ல. பெரிம்மா பெரிம்மான்னு என் முந்தானையிலயே இருக்கும். பெத்தாத்தான் புள்ளையான்னு நான் நெனைச்சிக்கினு இருந்த காலம் அது. அது ஒரு நெனப்பு, அவ்ளோதான்.

அம்மா போனப்புறம் வீட்டை இடிச்சிட்டு தங்கச்சி வீட்டுக்காரரு மெத்தை வீடு கட்டினாரு. பாப்பாவும் காலேஜ் சேர்ந்துட்டா. புது வீட்டுல எனக்கு எந்த ரூம்னு யாரும் சொல்லல. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. நானா ஆம்பூர்ல வேலை தேடிக்கினு, ஒரு பாயம்மா வீட்டு மாடியில ரூம் எடுத்துக்கினேன். ஒரு ஆளுக்கு சமைக்கறது இருக்கே, அது மாதிரி பேஜார் புடிச்ச வேலை உலகத்துல இல்ல. அரை டம்ளர் அரிசி போட்டாலும் மீந்துடும். ஞாயித்துக்கிழமைன்னா பாதி நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். மத்தியானம் கீழ பால் வாங்கப் போறப்ப தொண்டை கட்டின மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான் கண்ணாடி மாத்தறதுக்கு வேலூர் போனேன். கண்ணாடி ரெடியாக சாயந்திரம் ஆகும்னாங்க. வெயில்ல எங்க போறது? எதிர்ல மாடியில ஒரு டாட்டூ கடை, கண்ணாடிக் கதவு, உள்ள ஏசி. ஏசிக்காகத்தான் ஏறினேன். சத்தியமா வேற எதுக்கும் இல்ல. உள்ள ஒரு தம்பி உக்கார்ந்துக்கினு இருந்தான், தாடி, ரெண்டு கையிலயும் எடம் பாக்கி இல்லாம படம். என்னைப் பார்த்ததும் யாரோ அட்ரஸ் கேக்க வந்திருக்காங்கன்னு நெனைச்சிட்டான். "நான் குத்திக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். கேட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது, குத்திக்கத்தான் போறேன்னு.

அவன் போன்ல படம் படமா காட்டினான். இறகு, கிரீடம், பட்டாம்பூச்சி, அம்மான்னு எழுதினது. எனக்கு ஒண்ணும் புடிக்கல. "மைனா போடுவியா?"ன்னேன். ஏன் மைனான்னா, திமிரு புடிச்ச பறவை அது. கம்பெனி கேட் வாசல்ல நடக்கும் பாருங்க, மொதலாளி ரவுண்டு வர்ற மாதிரி. அது நடக்கறதைப் பார்க்க எனக்கு எப்பவுமே ஆசை. அந்தத் தம்பி சொன்னான், "ஜோடியா போடலாம்க்கா, செமையா இருக்கும். ஒண்ணுன்னா வெறுமையா தெரியும்." எனக்கு ஒண்ணு போதும்ப்பான்னேன். இடது கையில போடலாம்னான், வலதுலயே போடுன்னேன். வேலை செய்யறப்ப என் கண்ணுக்குத் தெரியட்டுமேன்னுதான்.

வலிக்குமான்னு யாரும் என்னைக் கேட்டதில்ல, அதனால நானே சொல்றேன். வலிக்கும். சுள்ளுன்னு ஒரே எடத்துல எறும்பு விடாம கடிக்கற மாதிரி. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்தத் தம்பி ஒரு கையில மிஷினைப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால என் கையைப் புடிச்சிக்கினு இருந்தான். ரப்பர் உறை மாட்டின கை. உறை வழியாகூட சூடு தெரிஞ்சுது. நடுநடுவுல நிறுத்தி, "வலிக்குதாக்கா? வலிச்சா சொல்லுங்க, கொஞ்சம் விட்டுட்டுப் போடலாம்"னு கேட்டுக்கினே இருந்தான். வலிச்சுது, நான் சொல்லல. சொன்னா கையை விட்டுடுவானேன்னு இருந்தேன். என் கையை ஒரு மனுஷன் அவ்ளோ நேரம் புடிச்சி எத்தனை வருஷம் ஆச்சு. கம்பெனியில செக்யூரிட்டி அம்மா தடவிப் பார்த்து வெளிய அனுப்பறாங்களே, அதைத் தவிர்த்து என்னை யாரும் தொடறதே இல்லன்னு அந்த நாற்காலியில உக்கார்ந்துதான் எனக்கு ஒறைச்சுது. அழுகை வந்துடுச்சு. வலியாலன்னு அவன் நெனைச்சிக்கினான். நெனைச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அது நோன்பு மாசம். வீட்டுக்கு வந்ததும் பாயம்மா பார்த்துட்டாங்க. கையில சுத்தியிருந்த பிளாஸ்டிக்கை விலக்கிப் பார்த்துட்டு உச்சு கொட்டினாங்க. "எங்கள்ல இது கூடாதும்மா. ஆண்டவன் குடுத்த ஒடம்புல நாம கை வைக்கக் கூடாது." கொஞ்ச நேரம் கழிச்சி அவங்களே, "நீ எங்க ஆளு இல்லையே, ஒனக்கு ஏன் சொல்றேன். சோப்பு கீப்பு போட்டுடாத, ஆறட்டும்"னாங்க. பொழுது போனதும் நோன்புக் கஞ்சி ஒரு சொம்புல வந்துச்சு. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அதோட விட்டது அவங்க ஒருத்தங்கதான். யாரு பேருன்னும் கேக்கல.

எங்கம்மா கையில தேளு இருந்துச்சு. கொடுக்கைத் தூக்கிக்கினு, பச்சை நெறத்துல. நெத்தியில ஒரு பொட்டு, தாடையில மூணு புள்ளி. கொறத்திங்க வருவாங்களாம், திருவிழாவுல பச்சை குத்திவிடுவாங்களாம். எங்கம்மாவை யாராவது யாரு பேருன்னு கேட்டிருப்பாங்களா? செத்தா நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சைதான் கூட வரும்னு பெருமையா பேசுவாங்க. அதே சனம்தான் என்னைப் பார்த்து மொகத்தைச் சுளிக்குது. அம்மா கையில இருந்தா பச்சை, என் கையில இருந்தா டாட்டூ. பேரு மாறினதும் மரியாதையும் போய்டுச்சு.

சரி, ஊருக்கு வர்றேன். தங்கச்சி அதைப் பார்த்தப்ப அடுப்பாண்ட இருந்தா. நான் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இன்னாக்கா இது? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" அப்புறம் கொரலைத் தாழ்த்தி, "யாரு பேரு?"

"பேரு இல்லடி. மைனா."

கிட்ட வந்து பார்த்தா. மூஞ்சி மாறிடுச்சு. "ஒண்ணுதானா? குத்தறது குத்தினியே, ரெண்டா குத்தக் கூடாதா? ஒத்த மைனா ஆவாதேக்கா."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு நடந்து போறப்ப ஒத்த மைனா கண்ணுல பட்டா அன்னைக்கு அடி நிச்சயம்னு ஒரு நம்பிக்கை. இன்னொண்ணு கண்ணுல படற வரைக்கும் நகரமாட்டோம். மணி அடிச்சிடும், லேட்டா போய் அதுக்கே அடி வாங்குவோம். அதைச் சொல்லி சிரிச்சேன். அவ சிரிக்கல. பாப்பாவுக்கு வரன் பார்த்துக்கினு இருந்த நேரம் அது. வீட்டுல நல்ல காரியம் நடக்கற சமயத்துல, கையில ஒத்தை மைனாவை வச்சிக்கினு நான் குறுக்க நெடுக்க நடந்தா அவளுக்கு பயமா இருக்காதா? இருந்துச்சு. வாழாவெட்டி ஒருத்தி, அவ கையில ஒத்த மைனா. ரெண்டும் சேர்ந்துக்கிச்சு.

குடியாத்தத்துல மாப்ள அமைஞ்சாரு. நல்ல எடம், ஆனா சகுனம் பார்க்கிற குடும்பம், பூனை குறுக்க வந்தா வண்டியைத் திருப்பிடுவாங்களாம். நிச்சயதார்த்தத்தை நான் பாப்பாவோட வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல பார்த்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்து வச்சிக்கினு போனை நோண்டறேன், பாப்பா பட்டுப் புடவையில தட்டு மாத்திக்கினு நிக்கறா. டிபன் பாக்ஸை மூடி வச்சிட்டேன். சாயந்திரம் தங்கச்சி போன் பண்ணா. "சட்டுனு முடிவாய்டுச்சுக்கா, வீட்டோட சின்னதா முடிச்சிட்டோம். உனக்கு லீவு கிடைக்காதேன்னு…" அந்தச் சின்ன கூட்டத்துல எதிர்வீட்டு அக்காகூட நின்னுக்கினு இருந்தா. படத்துல பார்த்தேனே. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா கல்யாணத்துக்கும் இதே கதை ஆகிடுமோன்னு பயம்.

ஆமா, பயந்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். கல்யாணத்துல எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மேடையில பாப்பா பக்கத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிடமாட்டாங்க, தெரியும். மாங்கல்யத்தைத் தொடச் சொல்லமாட்டாங்க, அதுவும் தெரியும். அதையெல்லாம் நான் எப்பவோ விட்டுட்டேன். ஒரு போட்டோவுல நானும் அவளும். எத்தனை வருஷம் அவ தலையைப் பின்னினேன், அதுக்கு அது கூட ஜாஸ்தியா?

தங்கச்சி கெட்டவ இல்ல. அதையும் சொல்லிடணும். கல்யாணத்துக்கு முன்னாடி அவளே ஆம்பூர் வந்தா, பத்திரிகை, பழம், பூ எல்லாம் வச்சி முறையா அழைச்சா. காப்பி குடிச்சிட்டு மெல்ல ஆரம்பிச்சா. "அக்கா, அந்தக் கையை மட்டும் கொஞ்சம்… ஃபுல் கை வச்சி ப்ளவுஸ் தைச்சிக்கயேன்."

"வேலூர் வெயில்ல ஃபுல் கை ப்ளவுஸா? நான் இன்னா கான்வென்ட் மதராடி?"

"அப்ப மருதாணி போட்டு மறைச்சிடலாம். பாயம்மாவோட பொண்ணு கல்யாண வீடுங்களுக்கெல்லாம் போய் போடுதில்ல? பாப்பாவுக்கும் அதையே கூட்டிக்கினு வா. அப்படியே உனக்கும் முழங்கை வரைக்கும் போடச் சொல்லு. ஒருத்தருக்கும் தெரியாது."

தங்கச்சியும்தான் தோல் கம்பெனியில அத்தனை வருஷம் இருந்தவ. ஆனா அவ தையல் மிஷின்ல, தோலு அவகிட்ட வர்றப்ப எல்லாம் முடிஞ்சி வரும். எனக்குத் தெரியும். தழும்பு இருக்கற தோலுக்குச் சாயம் ஏத்தினா தழும்பு மறையாது, சாயம் தண்ணி மாதிரி உள்ள எறங்கிடும், தழும்பு இன்னும் எடுப்பாத் தெரியும். மறைக்கணும்னா மேல பெயிண்ட் அடிக்கற மாதிரி கனமா பூசணும். மருதாணி சாயம்தானே. கறுப்பு மேல செவப்பு போட்டா கறுப்பு எங்க போவும்? இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெரியும். வாயைத் தொறக்கல. சரிடி, அப்படியே பண்ணிடலாம்னேன்.

ஏன் சொல்லலன்னா, மருதாணி போடறதுன்னா பாப்பாவோட உக்காரணும். பொண்ணுங்க எல்லாம் வரிசையா பாய் போட்டு கையை நீட்டிக்கினு உக்காருவாங்க. என்னை யாரு அதுல உக்காரச் சொல்லப் போறாங்க? இப்ப மறைக்கறதுக்குன்னு ஒரு சாக்கு கிடைச்சிடுச்சு. அந்தச் சாக்கை நான் விடல.

பாயம்மா பொண்ணும் நானும் பஸ்ஸுல ஊருக்குப் போனோம். வழியிலயே அந்தப் பொண்ணு என் கையைப் பார்த்துட்டு, "அக்கா, மெஹந்தி போட்டா இது மறையாது. நல்லா தெரியும்"னா. "தெரியும்மா. நீ போடு. யார்கிட்டயும் சொல்லாத"ன்னேன். அது ஒரு மாதிரி என்னைப் பார்த்துட்டு, சரின்னு தலையாட்டிச்சு.

அன்னைக்கு மத்தியானம் நான் பாப்பா பக்கத்துலயே உக்கார்ந்துக்கினு இருந்தேன். அவளுக்கு ரெண்டு கையிலயும் மருதாணி, மூக்கு அரிச்சுதுன்னா நான் சொரிஞ்சி விட்டேன். தண்ணி வேணும்னா நான் வாயில ஊத்தினேன். என் இடது கை சும்மா இருந்துச்சு, நல்லதாப் போச்சு. "பெரிம்மா, நெத்தியில முடி"ன்னா, ஒதுக்கி விட்டேன். ஒண்ணும் பெருசா பேசிக்கல. அவ காதுல ஹெட்போன், மாப்ளகூட பேசிக்கினு, சிரிச்சிக்கினு இருந்தா. எனக்கு அது போதும். அந்த மத்தியானத்தை இப்ப நெனைச்சாலும் எனக்கு வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும்.

மறுநாள் கழுவிப் பார்த்தா, நெனைச்ச மாதிரியே. கொடியும் எலையுமா செவந்து கெடக்குது, நடுவுல மைனா கம்பீரமா நின்னுக்கினு இருக்கு. மறைக்கப் போட்டது ஜோடிச்சி வச்ச மாதிரி ஆய்டுச்சு. முன்ன பார்க்காதவங்க கூட இப்ப பார்ப்பாங்க. தங்கச்சி மண்டபத்துல என் கையைப் பார்த்துட்டு நெத்தியில அடிச்சிக்கினா. "இன்னாக்கா இது, பளிச்சுனு தெரியுதே!"

"நீதானடி போடச் சொன்ன."

அவளுக்கு மேல பேச நேரமில்ல, மாப்ள வீட்டு வேன் வந்துடுச்சு. போறப்ப, "பந்தி பக்கம் பார்த்துக்கக்கா, நம்பிக்கையான ஆளு ஒருத்தர் அங்க இருக்கணும்"னு சொல்லிட்டுப் போனா. பந்தியைப் பார்க்க கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்காங்க, சூப்பர்வைசர் வேற இருக்கான். எனக்குப் புரியாதா? புரிஞ்சுது. போனேன். எலை போடறதையும் குருமா ஊத்தறதையும் பார்த்துக்கினு நின்னேன். யாராவது வந்து, "நீங்க பொண்ணுக்கு இன்னா ஆவணும்?"னு கேட்டா பெரிம்மான்னு சொன்னேன். அப்ப ஏன் இங்க நிக்கறீங்கன்ற மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. மேல பாட்டுச் சத்தம் கேட்டுது. மேடையில வரிசையா ஏறி எறங்கிக்கினு இருப்பாங்க. தங்கச்சி வேலை செஞ்ச கம்பெனி சூப்பர்வைசரே போட்டோ எடுத்துக்கினு கீழ வந்துட்டாரு. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கிளம்பி பஸ் ஏறிடலாமான்னு இருந்துச்சு. ஏறிப் போனா ஆம்பூர்ல யாரு இருக்காங்க?

அப்பத்தான் தங்கச்சி வீட்டுக்காரரு வந்து, "பாப்பா கூப்பிடுது, மேடைக்கு வாங்க"ன்னாரு.

கையைக் கழுவினேனா, முந்தானையில தொடைச்சேனான்னு ஞாபகம் இல்ல. ஓடினேன்னுதான் சொல்லணும். மேடையில பாப்பா, பக்கத்துல மாப்ள, அந்தாண்ட மாப்ளயோட அம்மா. நான் ஒரு ஓரமா, கையைப் பின்னால கட்டிக்கினு நின்னேன். எனக்கும் தெரியும்ல, எங்க மறைக்கணும்னு. பாப்பா திரும்பி, "கிட்ட வா பெரிம்மா"ன்னா. பின்னால கட்டியிருந்த என் வலது கையை இழுத்து, முன்னால கொண்டாந்து, மைனா மேல தன் கையை வச்சி இறுக்கிப் புடிச்சிக்கினா.

அத்தனை பேரு முன்னால. மாமியார் பார்க்கறாங்க, போட்டோக்காரரு பார்க்கறாரு. அவ கை சில்லுனு வேர்த்திருந்துச்சு, மோதிரம் எல்லாம் அழுந்திச்சு. எதைப் பார்த்து எல்லாரும் மொகம் சுளிச்சாங்களோ அந்த எடத்தையே புடிச்சிக்கினாளே எம் பொண்ணுன்னு இருந்துச்சு. சிரிங்கம்மான்னாரு போட்டோக்காரரு. நான் சிரிச்சேன். வாழ்க்கையில அப்படி ஒரு சிரிப்பு நான் சிரிச்சதில்ல. ஃப்ளாஷ் அடிச்சுது. அப்புறமும் அவ கையை எடுக்கல. அடுத்த குடும்பம் மேடை ஏறி, அவங்க மொய் கவரை நீட்ற வரைக்கும் புடிச்சிக்கினேதான் இருந்தா.

கல்யாணம் முடிஞ்சி பாப்பா குடியாத்தம் போய்ட்டா. போன் கம்மியாச்சு. புதுக் குடித்தனம், அப்படித்தான் இருக்கும். நான் ஆம்பூர்ல தோலை விரிச்சி வட்டம் போட்டுக்கினு இருந்தேன். மருதாணி வெளுத்துப் போச்சு. கம்பெனியில யாராவது யாரு பேருன்னு கேட்டா இப்ப எனக்குக் கோபம் வரல. எம் பொண்ணு கல்யாணத்துல இந்தக் கையைத்தான் புடிச்சிக்கினா தெரியுமான்னு மனசுக்குள்ளயே சொல்லிக்குவேன். வெளிய சொல்லமாட்டேன், கண்ணு படும்.

ஆல்பம் வந்துடுச்சுன்னு தங்கச்சி போன் பண்ணா. அடுத்த ஞாயித்துக்கிழமையே போனேன். பெரிய ஆல்பம், மடியில வச்சா தொடை வலிக்குது. ஒவ்வொரு பக்கமா திருப்பினா. என் படம் வந்துச்சு. நல்ல படம், நான்கூட பார்க்க லட்சணமாத்தான் இருந்தேன். தங்கச்சி அதுல வெரலை வச்சிக் காட்டினா.

"பாரு, உன் மைனா எங்கனா தெரியுதா? ஒரு றெக்கை கூட தெரியல."

"ஆமா."

"மருதாணி காலை வாரிடுச்சா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான்தான் பாப்பா காதுல சொன்னேன். பெரிம்மா மேல வந்தா அந்தக் கையைப் புடிச்சி, குத்தின எடத்தை மூடிக்கோ, போட்டோ எடுக்கற வரைக்கும் எடுத்துடாதன்னு. சொன்ன மாதிரியே கரெக்டா பண்ணிட்டா பொண்ணு." அவளுக்கு ஒரே பெருமை. என்னை மேடை ஏத்தவும் வழி பண்ணி, சம்பந்தி வாயையும் அடைச்சிட்டோம்னு பெருமை. என்னை நோகடிக்கணும்னு சொல்லல. அது எனக்குத் தெரியும்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கினு இருந்தேன். இப்ப பார்த்தா தெரியுது. புடிச்சிக்கற கை வேற மாதிரி இருக்கும். அவ வெரல் எல்லாம் ஒட்டி, இடுக்கு விடாம, நல்லா பார்த்து வச்சிருக்கா. அந்த விரலுக்குக் கீழதான் நான் அப்படி சிரிச்சிக்கினு இருக்கேன். "இது ஒரு காப்பி எனக்கு வேணும்டி"ன்னேன். "அதுக்கின்னாக்கா, போட்டுக் குடுக்கச் சொல்றேன்"னா. பக்கத்தைத் திருப்பிட்டா.

பஸ்ஸுல வர்றப்ப ஜன்னலோரம் உக்கார்ந்துக்கினு யோசிச்சேன். போட்டோ எடுக்கற வரைக்கும்னுதானே தங்கச்சி சொன்னது. அதுக்கப்புறம் ஏன் அவ கையை எடுக்கல? மறந்துட்டாளா, மாமியார் இன்னும் பார்த்துக்கினு இருந்தாங்களா, இல்ல வேற எதாவதா? பாப்பா நம்பர் போன்லதான் இருக்கு. கேட்டா சொல்லிடுவா, பொய் சொல்ற பொண்ணு இல்ல அது. அதனாலதான் நான் கேக்கல.